முங்குதலும் முக்குளித்தலும்

தாம்பரம், சிட்லபாக்கம், மாடம்பாக்கம் முதலிய தென்சென்னைப் புறநகர்களில், நீருள் தலைகீழாகப் பாய்தலை 'டைவ் அடித்தல்' என்றே இளையோர் வழங்குகின்றனர். இப்பொருளுக்குரிய சொற்கள் தமிழில் பல இருப்பவும் ஆங்கிலச் சொல் இடம்பெற்றது ஏன் என்பதனை ஈண்டு ஆராய்வாம்.

முதற்கண் அவ்வாங்கிலச் சொல்லின் வரலாற்றைக் காண்போம். பழைய ஆங்கிலத்தில் இரு வினைகள் இருந்தன. தானே நீருள் ஆழ்தல் 'டூவன்'. பிறிதொன்றை ஆழ்த்துதல் 'ட்யூவன்'. இடைக்கால ஆங்கிலத்தில் இவை கலந்து ஒன்றாயின, அதுவே 'டைவ்'. ஆழமுடைமையைக் குறிக்கும் 'டீப்', தோய்த்தலைக் குறிக்கும் 'டிப்' என்பன இதன் இனச்சொற்கள். 19ஆம் நூற்றாண்டில் அமெரிக்க நாட்டில் நிலவறைகளில் நடைபெற்ற இழிந்த மதுக்கடைகளுக்கும் இதுவே பெயராயிற்று. படியிறங்கி மறையும் இடமாதலின் அப்பெயர் பொருந்திற்று.

ஆங்கிலம் இழந்த தன்வினை பிறவினை வேறுபாட்டைத் தமிழ் இன்றும் காத்து வருகின்றது. முங்கு, முக்கு, முழுகு, முழுக்கு, ஆழ், ஆழ்த்து என்னும் இணைகளை நோக்குக. 'நீரில் முங்கினான்', 'துணியை நீரில் முக்கினான்' என்பன பேச்சுவழக்கிலும் மயங்குவதில்லை. டீப், டைவ் என்பன போன்றே ஆழம், ஆழ் என்பனவும் உறவுடையன.

அங்ஙனமாயின் குறை யாது? பொருட்சுருக்கமே என்க. 'குளி' என்பது உட்புகுதல், மூழ்குதல் என்னும் பொருள்களையும் உடையது. கம்பர் காவியத்தில் அம்பு மார்பில் 'குளிக்கும்'. ஆண்டு அது தைத்து அழுந்துதலேயன்றி நீராடுதல் அன்று. இப்பொழுதோ அச்சொல் நீராடுதல் ஒன்றனையே குறித்து நிற்கின்றது. 'முத்துக்குளித்தல்' என்னும் தொடரில் மட்டும் பழம்பொருள் எஞ்சியுள்ளது. 'மூழ்கு' என்பதோ பெரும்பாலும் இடருக்கே உரியதாயிற்று. 2015 டிசம்பர் வெள்ளத்தில் முடிச்சூர் மூழ்கியது என்கிறோம். 'ஏரியில் மூழ்கினான்' எனின் கேட்போர் இறப்பையே கருதுவர். 'முழுகு' எண்ணெய் நீராட்டோடும், கைவிடுதலைக் குறிக்கும் 'தலைமுழுகு' என்பதனோடும் ஒன்றிவிட்டது. விரும்பிப் பாய்ந்து, ஆழ்ந்து, மீண்டெழும் செயலுக்குப் பொதுவழக்கில் தனிச்சொல் அருகியமையால் வேற்றுச்சொல் அவ்விடத்தை நிரப்பிற்று என்பது எம் கருத்து.

அச்சொல் முற்றும் அழிந்திலது. பள்ளிக்கரணைச் சதுப்பிலும் அதனையடுத்த ஏரிகளிலும் வாழும் சிறு நீர்ப்பறவை ஒன்று, கண்டார் வியக்க நீருள் மறைந்து சற்றுத் தொலைவில் எழும். அதன் பெயர் முக்குளிப்பான். 'முக்குளி' என்பதன் முற்பகுதியை 'முங்கு', 'முக்கு' என்பவற்றோடு இயைத்துக் காண இடமுண்டு. பிற்பகுதி பழைய 'குளி' எனக் கொள்ளலாம். இப்பறவையை ஆங்கிலேயரும் 'டிடாப்பர்' என்றனர். அது 'டைவ்-டாப்பர்' என்பதன் மரூஉ. இரு மொழியினரும் ஒரே செயலை நோக்கியே பெயரிட்டமை காண்க. இலங்கைத் தமிழரோ நீருள் மூழ்கிப் பணிபுரிவோரைச் 'சுழியோடி' என இன்றும் வழங்குகின்றனர்.

ஆதலின், பழைய நூல்களில் 'குளித்தான்' என வருமிடத்து இற்றைப் பொருளையே கொள்ளுதல் பிழையாய் முடியும். கலைச்சொல் ஆக்குவோரும் புதுச்சொல் புனையுமுன், பறவையின் பெயரிலும் ஈழத்து வழக்கிலும் வாழும் சொற்களை நோக்குதல் நன்று. முக்குளித்தல், சுழியோடுதல் என்னும் இரண்டும் இக்குறையை நிரப்பப் போதியன.