பெயரைச் சொல்லாதே

ஏழு வயதுப் பையன், ஊர் ஆடுகளை மேய்ப்பவன். முந்தின நாள் கூரைமேல் ஏறிக்கொண்ட வெள்ளாட்டை, செத்துப்போன அம்மாவின் உடன்பிறந்தவள் ஏதோ ஒரு சொல்லைச் சொல்லி இறக்கியதைக் கேட்டிருக்கிறான். அதற்கு என்ன அர்த்தம் என்று தெரியாது. மறுநாள் மலைச்சரிவில் அதே சொல்லை உரக்கச் சொல்லிப் பார்க்கிறான். ஆடுகள் வருகின்றன. கத்தவில்லை, துள்ளவில்லை, மஞ்சள் கண்களால் அவனையே பார்த்தபடி வந்து நிற்கின்றன. சிரித்துக்கொண்டு மறுபடியும் சொல்கிறான். இன்னும் நெருங்குகின்றன. கொம்பும் ரோமமும் ஆட்டு வீச்சமும் நாலு பக்கமும் அழுத்த, அலறிக்கொண்டு ஓட்டம் எடுக்கிறான். அவையும் விடவில்லை. ஒரே கயிற்றில் கட்டியதுபோல் அவனைச் சுற்றி இறுகி ஊர்வரை ஓடிவருகின்றன. சித்தி வந்து வேறொரு சொல்லைச் சொன்ன பிறகுதான் மந்தை கலைகிறது.

அமெரிக்க எழுத்தாளர் அர்சுலா கே. லெ குவின் எழுதி 1968-ல் வெளிவந்த ‘எ விசார்ட் ஆஃப் எர்த்ஸீ’ நாவலின் தொடக்கத்தில் வரும் காட்சி இது. மிகைபுனைவில் புது உலகத்தை எப்படிக் கட்டுவது என்று யாராவது கேட்டால் நான் இந்த ஆட்டு மந்தையைத்தான் காட்டுவேன். அந்த உலகத்தின் சட்டம் இதற்குள் இருக்கிறது: எதன் மெய்ப்பெயர் உனக்குத் தெரியுமோ அது உனக்குக் கட்டுப்படும். பையனின் குணமும் இதற்குள்ளேயே இருக்கிறது: அர்த்தம் தெரியாத சொல்லை வாயில் போட்டுப் பார்க்கிற அவசரம். சட்டமும் குணமும் ஒன்றோடொன்று மோதுவதுதான் மீதி நாவல்.

இதை ஏன் பெரிதாகச் சொல்கிறேன் என்றால், இந்த வகை நாவல்களில் பலவற்றைத் திறந்ததும் முதலில் வரைபடம், கடைசியில் அருஞ்சொல் அகராதி, நடுவில் ஏழு தலைமுறை அரச வம்சம். படித்து முடித்த மறுவாரம் ஒருவர் முகமும் நினைவில் இல்லை. மண்டபத்துக்கு சீரியல் லைட் போட்டு, வாழைமரம் கட்டி, மாப்பிள்ளையை அழைக்க மறந்த கலியாணம் மாதிரி.

லெ குவினும் வரைபடத்தில்தான் தொடங்கினார். பெர்க்லியிலிருந்த பர்னாசஸ் பிரஸ் என்ற சிறிய பதிப்பகம், கொஞ்சம் வளர்ந்த பிள்ளைகளுக்கு ஒரு புத்தகம் எழுதித்தரக் கேட்டது. ஏற்கெனவே 1964-ல் இரண்டு சிறுகதைகளில் தொட்டுவிட்டிருந்த தீவுக்கூட்டத்தை வரைந்து வைத்துக்கொண்டார். ஆனால் கதையை நகர்த்தியது வரைபடம் இல்லை, ஒரு குறும்பான சந்தேகம். கதைகளில் வரும் மந்திரவாதிகள் எல்லோரும் ஏன் வெள்ளைத் தாடிக் கிழவர்களாகவே இருக்கிறார்கள்? தாடி முளைப்பதற்கு முன்னால் என்ன செய்துகொண்டிருந்தார்கள்? எங்காவது படித்துத்தானே தேறியிருக்க வேண்டும்? அப்படிப் பிறந்ததுதான் ரோக் தீவிலுள்ள மந்திரப் பள்ளி. ஹாரி பாட்டர் அச்சில் வருவதற்கு 29 ஆண்டுகள் முந்தி.

அந்தப் பள்ளியில் எனக்குப் பிடித்த இடம் ஊரைவிட்டுத் தள்ளி நிற்கும் பெயர்க் கோபுரம். அங்கே மின்னலும் இல்லை, மாயமும் இல்லை, மனப்பாடம்தான். கடல் ஒன்று என்று நாம் சொல்லிவிடுகிறோம். அங்கே ஒவ்வொரு வளைகுடாவுக்கும் துறைக்கும் பாறைக்கும் தனித்தனி மெய்ப்பெயர். எழுதிக் கொடுத்த பட்டியலின் மை நள்ளிரவில் அழிந்துவிடும், அதற்குள் நெட்டுருப் போட்டாக வேண்டும். கூழாங்கல்லை வைரமாகக் காட்டுவது சுலபம். உண்மையிலேயே வைரமாக்க வேண்டுமானால் அதன் பெயரை மாற்ற வேண்டும், பெயரை மாற்றினால் உலகத்தின் தராசே ஆடும் என்று பள்ளியின் இன்னோர் ஆசான் எச்சரிக்கிறார். மந்திரத்துக்கு விலை வைத்தவுடன் அந்த உலகம் நம்பக்கூடியதாகிவிடுகிறது. சும்மா கிடைக்கும் மந்திரத்தில் கதை நடக்காது.

பெயர் தெரிந்தால் ஆளையே கட்டலாம் என்பதால், எர்த்ஸீயில் எல்லோருக்கும் இரண்டு பெயர். புழக்கத்துக்கு ஒன்று: பறவை, செடி, பூண்டு, ஏதாவது. நம் பையனை ஊர் கூப்பிடுவது ஸ்பாரோஹாக், ஒரு சிறிய பருந்தினத்தின் பெயர். மெய்ப்பெயர் கெட். அதை அவனும் பெயரிட்ட குருவும்தான் அறிவார்கள். புருஷன் பெயரை வாய்விட்டுச் சொல்லாத பாட்டிகளோடு வளர்ந்த நமக்கு இதை விளக்கவே தேவையில்லை.

கெட்டுக்கு அகந்தை. சகமாணவன் சீண்டியதற்காக, செத்தவளின் ஆவியை அழைத்துக் காட்டுகிறேன் என்று சவால்விட்டு, கூடவே பெயரில்லாத ஒரு நிழலையும் இந்த உலகத்துக்குள் விட்டுவிடுகிறான். தலைமை ஆசான் அதை விரட்டுவதில் உயிரை விடுகிறார். கெட் பிழைக்கிறான், முகத்தில் தழும்பு, பேச்சில் தயக்கம். இதற்குப் பிறகு வரும் சின்னக் காட்சி ஒன்று, டிராகன்களையெல்லாம் தாண்டி மனதில் நிற்கிறது. நண்பன் வெட்ச் படிப்பு முடிந்து ஊருக்குக் கிளம்புகிறான். போகிறபோது, தேவைப்பட்டால் கூப்பிடு என்று தன் மெய்ப்பெயரைச் சொல்லிவிட்டுப் போகிறான்: எஸ்டாரியல். பெரிய பாவத்தைச் செய்தவன், பள்ளியே ஒதுக்கிப் பார்ப்பவன், அவன் கையில் தன் உயிரைக் கொடுப்பதற்குச் சமம் அது. நம் உலகத்து நாவலில் இந்த இடத்தில் ஒரு தோள்தட்டல் வந்திருக்கும். இங்கே ஒரு பெயர் போதும். அந்தப் பெயருக்கு அவ்வளவு எடை வர, முன்னால் நூறு பக்கம் உலகம் கட்டியிருக்க வேண்டும்; உலகம் கட்டுவதன் பயனே எனக்கு இங்கேதான் தெரிகிறது.

இன்னொன்றையும் லெ குவின் சத்தமில்லாமல் செய்தார். கெட்டின் நிறம் செம்பழுப்பு. வெட்ச் கறுப்பு. கடல் கடந்து கொள்ளையடிக்க வருபவர்கள்தான் வெள்ளையர்கள். 1968-ல் அமெரிக்கப் பிள்ளைகள் புத்தகத்தில் இது சாதாரணமில்லை. பறைசாற்றாமல் போகிற போக்கில் சொல்லியிருப்பார். நாயகனோடு வெகுதூரம் போன பிறகுதான் பலருக்கு உறைக்கும். 2004-ல் அமெரிக்கத் தொலைக்காட்சி இதைக் குறுந்தொடராக எடுத்தபோது கெட் வெள்ளை நடிகரானார். போதாததற்கு, ஊர் கூப்பிடும் பெயர் கெட் என்றும் மெய்ப்பெயர் ஸ்பாரோஹாக் என்றும் மாற்றிப் போட்டார்கள். நிறத்தை மாற்றியதை லெ குவின் வெளிப்படையாகவே எழுதிக் கண்டித்தார். எனக்கு இரண்டாவது மாற்றம்தான் வேடிக்கை: நாயகனின் மெய்ப்பெயரை ஊரே கூப்பிடுகிறது, அவனுக்கு ஒன்றும் ஆகவில்லை!

பெயரைப் பற்றிய இந்த நினைப்பு அவருக்கு எங்கிருந்து வந்திருக்கும்? இதுதான் மூலம் என்று நான் சாதிக்க வரவில்லை. ஆனால் அவர் வீட்டில் இப்படி ஒரு கதை இருந்தது. 1911-ல் கலிஃபோர்னியாவின் ஓரோவில் என்ற ஊருக்கு யாஹி என்ற பூர்வகுடி இனத்தின் கடைசி மனிதர் தனியாக வந்து சேர்ந்தார். அவரை சான் பிரான்சிஸ்கோ அருங்காட்சியகத்துக்கு அழைத்துச் சென்று தங்கவைத்தவர்களில் ஒருவர் மானுடவியலாளர் ஆல்ஃப்ரெட் குரோபர், லெ குவினின் அப்பா. பெயரைக் கேட்டார்கள். தன் பெயரைத் தானே சொல்வது அவர் குலத்தில் வழக்கமில்லை. கூப்பிடுவதற்கு ஏதாவது வேண்டுமே என்று ‘இஷி’ என்றார் குரோபர். யாஹி மொழியில் அதற்கு ‘மனிதன்’ என்று பொருள். 1916-ல் காசநோயில் இறக்கும்வரை இஷி தன் பெயரைச் சொல்லவேயில்லை.

1961-ல் அவர் கதையைப் புத்தகமாக எழுதியவர் தியோடோரா குரோபர், லெ குவினின் அம்மா. மூன்று ஆண்டு கழித்து வெளிவந்த மகளின் அந்த இரண்டு எர்த்ஸீ சிறுகதைகளில் ஒன்றின் தலைப்பு, ‘தி ரூல் ஆஃப் நேம்ஸ்’.