தடுப்பூசியை மறக்கும் ரத்தம்

சுவிட்சர்லாந்தின் டீட்டிகோனில் ரெப்பிஷ் ஆறு லிம்மாட்டுடன் கலக்கிறது. அதே ஊரில் உள்ள லிமேக்கோ நிலையம் சுற்றுவட்டார ஊர்களின் கழிவுநீரைச் சுத்திகரிக்கிறது. சோற்றுக்கஞ்சி, சோப்பு நுரை, மலம் என்று எது வந்தாலும் அங்குள்ள நுண்ணுயிரிகள் தின்று கரைத்துவிடும். அவற்றின் பல்லுக்குச் சிக்காத சரக்கு ஒன்று உண்டு. அதுதான் பீஃபாஸ்.

கார்பனும் ஃபுளோரினும் இறுகப் பிணைந்த ஆயிரக்கணக்கான சேர்மங்களின் குடும்பப் பெயர் இது. தண்ணீரும் எண்ணெயும் ஒட்டாது என்பதால் மழைக்கோட்டு, உணவுப் பொட்டலம், தீயணைப்பு நுரை எல்லாவற்றிலும் சேர்த்தார்கள். வெயிலும் மழையும் அந்தப் பிணைப்பை எளிதில் அறுப்பதில்லை. சுவிஸ் நிலத்தடி நீரைக் கண்காணிக்கும் இடங்களில் ஏறக்குறையப் பாதியில் இவை தென்பட்டிருக்கின்றன.

பழைய பூச்சிக்கொல்லியான டிடிடி உடலின் கொழுப்பில் போய்த் தங்கும். பீஃபாஸோ ரத்தப் புரதங்களைப் பிடித்துக்கொள்ளும். சிறுநீரகம் வடிகட்டினாலும் பெரும்பகுதியைத் திரும்ப உறிஞ்சிவிடுகிறது. அதனால் சில வகைகள் உடலில் பாதியாகக் குறையவே ஆண்டுகள் பிடிக்கும்.

இங்கேதான் நோய் எதிர்ப்பு வருகிறது. தடுப்பூசி, கிருமியின் அடையாளத்தை உடலுக்குக் காட்டிவைக்கிறது. பி செல்கள் அதைப் பார்த்து எதிர்ப்பொருள் செய்கின்றன. ஃபாரோ தீவுகளின் பிள்ளைகளைப் பல ஆண்டுகள் பின்தொடர்ந்த பிலிப் கிராஞ்சான் குழு 2012இல் சொன்னது இது: 5 வயதில் ரத்தத்தில் இச்சேர்மங்கள் இருமடங்கானால், 7 வயதில் டெட்டனஸுக்கும் தொண்டை அடைப்பானுக்குமான எதிர்ப்பொருள் ஏறக்குறையப் பாதியாகிறது. ஊசி போட்டும் காப்பு வரம்புக்குக் கீழே போன பிள்ளைகளும் இருந்தார்கள். காய்ச்சலோ தடிப்போ கிடையாது. ரத்தம் எடுத்துப் பார்க்காவிட்டால் எந்தத் தாய்க்கும் தெரியாது. என்னை உலுக்குவது இதுதான்.

2020இல் ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் இந்த விளைவையே அளவுகோலாக எடுத்தது. முக்கியமான நான்கு பீஃபாஸ்களும் சேர்ந்து, உடல் எடையின் ஒவ்வொரு கிலோவுக்கும் வாரம் 4.4 நானோகிராமைத் தாண்டக் கூடாது. ஒரு நானோகிராம் என்பது கிராமில் நூறு கோடியில் ஒரு பங்கு. நஞ்சுக்கொடி வழியாகவும் பால் வழியாகவும் இவை குழந்தைக்குப் போவதைக் கணக்கில் வைத்தே இந்த வரம்பை வகுத்தார்கள். அதற்காகத் தாய்ப்பாலை நிறுத்தச் சொல்லவில்லை. தாய்ப்பாலின் நன்மை பெரிது. அடைக்க வேண்டியது ஆலையின் குழாயை.

அடைத்தால் பலன் உண்டு. பீஃபாஸ் குடும்பத்தின் பிஎஃப்ஓஎஸ்ஸைப் பெரிய உற்பத்தியாளர் 2000இல் கைவிடத் தொடங்கினார். 2009இல் அது ஸ்டாக்ஹோம் உடன்படிக்கைப் பட்டியலில் ஏறியது. அமெரிக்கர் ரத்தத்தில் அதன் அளவு 2000க்குப் பின் பெருமளவு இறங்கிவிட்டது.