வாடைக் காற்றில் விளையும் கடல்

நவம்பர் பிறந்தால் மும்பைத் தமிழர்களின் வாட்ஸ்அப் குழுக்களில் ஒரு வீடியோ சுற்றத் தொடங்கிவிடும். ஜூஹூ கடற்கரை, ராத்திரி நேரம், கரையில் உடையும் அலை நீலமாக மின்னுகிறது. 2016 நவம்பரில் இப்படித்தான் ஊரே பரபரத்தது. 2020 நவம்பரில் மறுபடியும். சென்னையில் 2019 ஆகஸ்டில் திருவான்மியூர் பக்கம் இதைப் பார்க்கக் கூட்டம் கூடியது. கடல் சுத்தமாகிவிட்டதன் அடையாளம் இது என்று யாராவது ஒருவர் கட்டாயம் எழுதுவார். விஷயம் கிட்டத்தட்ட தலைகீழ்.

மின்னுவது பெரும்பாலும் நாக்டிலூக்கா என்ற ஒற்றைச் செல் உயிரி. பெரும்பாலும் அரை மில்லிமீட்டரை ஒட்டிய உடம்பு என்பதால், கடல்நீரைக் கண்ணாடி டம்ளரில் மொண்டு வெளிச்சத்தில் பிடித்தால் வெறும் கண்ணுக்கே புள்ளி புள்ளியாகத் தெரியும். டம்ளரை இருட்டில் லேசாக ஆட்டினால் போதும். செல்லுக்குள் ஒரு வேதிவினை நடந்து நீல ஒளி வெட்டி மறையும். அலை உடையும்போது நடப்பதும் இதுவே. பகலில் இதே உயிரி பச்சையாகத் திரண்டு மிதப்பதை ராமேஸ்வரம், மண்டபம் பக்கத்து மீனவர்கள் பூங்கோரை என்பார்கள். 2019 செப்டம்பரில் மன்னார் வளைகுடாவில் அது பெருகியபோது மீன்கள் செத்துக் கரை ஒதுங்கின.

இந்த உயிரி எங்கிருந்து வந்தது என்று கேட்டால், முதலில் கடல் எப்படி விளைகிறது என்று பார்க்க வேண்டும். கடலின் பயிர், நீரில் மிதக்கும் நுண்பாசி. தாவர மிதவை உயிரிகள் என்று பள்ளியில் படித்தோமே, அவைதான். உலகில் நடக்கும் ஒளிச்சேர்க்கையில் ஏறத்தாழப் பாதி இவற்றின் வேலை. (நாம் இழுக்கும் இரண்டு மூச்சில் ஒன்று கடல் தந்தது என்று இதை வைத்துச் சொல்வார்கள். கடலில் உண்டாகும் ஆக்சிஜனில் பெரும்பகுதியைக் கடல் உயிர்களே செலவழித்துவிடுகின்றன என்பதைச் சேர்த்துச் சொல்ல மாட்டார்கள்.)

இந்தப் பயிருக்கு வெளிச்சமும் வேண்டும், நைட்ரேட், பாஸ்பேட், சிலிக்கேட் போன்ற உரமும் வேண்டும். சிக்கல் என்னவென்றால் வெளிச்சம் மேலே இருக்கிறது, உரம் கீழே கிடக்கிறது. செத்ததெல்லாம் ஆழத்துக்கு இறங்கித்தான் மக்குகிறது. வெயிலில் சூடான மேல்நீர் லேசாகி, கீழே உள்ள குளிர்ந்த நீரோடு கலக்காமல் தனியாக நிற்கும். ஆறிப்போன ரசத்தில் தெளிவு மேலேயும் பருப்பு அடியிலும் நிற்பது மாதிரி. கரண்டி விட்டுக் கலக்கினால்தான் சாரம் மேலே வரும். கடலுக்கு அந்தக் கலக்கலைத் தருவது காற்றும் குளிரும், ஓதம் என்ற கடல்நீரின் ஏற்ற இறக்கமும்.

ஐரோப்பாவின் வட கடல், ஐரிஷ் கடல் போன்ற குளிர்ந்த, ஆழம் குறைந்த கடல்களில் பனிக்காலப் புயல் அடிவரை கலக்கிவிடும். உரம் மேலே வந்துவிடும், ஆனால் அங்கே அப்போது வெயில் இல்லை. போதாக்குறைக்கு, மேலே இருக்கும் பாசியையும் அதே கலக்கல் இருட்டுக்குள் இழுத்துக்கொண்டு போகும். வசந்தத்தில் வெயில் ஏறி, மேல்நீர் மெல்லிய அடுக்காகப் பிரிந்து, பாசி வெளிச்சத்திலேயே தங்கும்போதுதான் கடல் பச்சையாகிறது. இதற்குக் கணக்குப் போட்டுக் காட்டியவர் நார்வேக்காரர் ஹரால்ட் ஸ்வெர்ட்ரப், 1953இல். பிறகு 1974இல் சிம்ப்சன், ஹன்டர் என்ற இருவர், கோடையில் எந்த இடம் கலங்கியே இருக்கும், எது அடுக்காகப் பிரியும் என்பதைக் கடலின் ஆழத்தையும் ஓதத்தின் வேகத்தையும் வைத்தே சொல்லிவிடலாம் என்று காட்டினார்கள். இரண்டும் சந்திக்கும் எல்லையில்தான் பாசியும் அதிகம், மீனும் அதிகம்.

அரபிக் கடலில் கணக்கு வேறு. வெயிலுக்கு இங்கே பஞ்சமே கிடையாது, பஞ்சம் குளிருக்குத்தான். அந்தக் குளிர் நவம்பர் முதல் பிப்ரவரி வரை வடகிழக்கிலிருந்து வருகிறது. இமயத்தைக் கடந்த வறண்ட வாடை வட அரபிக் கடல் மேல் வீசும்போது நீர் ஆவியாகிறது, குளிர்கிறது, உப்பும் கூடுகிறது. மேல்நீரின் வெப்பம் 24, 25 டிகிரிக்கு இறங்கும். கனத்த நீர் கீழே போக, கலக்கல் 100 மீட்டர் ஆழத்தையும் எட்டுகிறது, உரம் மேலே வருகிறது. பிப்ரவரியில் செயற்கைக்கோள் படத்தைப் பார்த்தால் ஓமன் தொடங்கி குஜராத் வரை கடல் பச்சை. வெப்பமண்டலக் கடல் ஒன்று மூன்று, நான்கு மாதம் குளிர்க் கடலாக நடந்துகொள்வது உலகத்தில் அபூர்வம். மும்பை அதன் தெற்கு விளிம்பில் உட்கார்ந்திருக்கிறது.

தென்மேற்குப் பருவமழையில் இன்னொரு போகம் உண்டு. சோமாலியா, ஓமன் கரைகளில் காற்று மேல்நீரைத் தள்ளிவிட, ஆழத்து நீர் எழும். நம் பக்கத்தில் கேரளத்தில் தொடங்கி வடக்கே வர வர இது தேயும். மழையும் ஆறுகளும் கொண்டுவரும் நன்னீர் மூடி போட்டதுபோல மேலே பரவிவிடும். கீழே சிக்கிய நீரில் ஆக்சிஜன் தீர்ந்துபோகும். செப்டம்பர், அக்டோபரில் மேற்குக் கரையோரம் இது எவ்வளவு மோசமாகிறது என்பதை கோவாவில் உள்ள தேசியக் கடலாய்வு நிறுவனத்தின் நக்வி குழு 2000இல் எடுத்துக்காட்டியது.

கடல் பச்சையாக இருந்தால் மட்டும் போதாது. அந்தப் பச்சை யாருடைய தீனி என்பதுதான் கேள்வி. டயாட்டம் என்ற கண்ணாடி ஓட்டுப் பாசியானால் மீனுக்குக் கொண்டாட்டம். மேற்குக் கரையில் ஒரு குறிப்பிட்ட டயாட்டம் பெருகினால் மத்தி மீனும் பெருகுகிறது என்று நாயரும் ஆர். சுப்பிரமணியனும் 1955லேயே எழுதிவிட்டார்கள். செம்பூர் மார்க்கெட்டில் தார்லி என்று கேட்டு வாங்குகிறோமே, அந்த மத்திதான். மீன் சமைக்காத மாட்டுங்கா மாமிகளுக்கு இதில் அக்கறை இருக்காது. மீன் விலையைப் பேசுபவர்களுக்கு இருக்கும்.

1990களில் பனிக்கால அரபிக் கடலில் ஆய்வுக் கப்பல்கள் பார்த்தது பெரும்பாலும் டயாட்டம். 2000க்குப் பிறகு அந்த இடத்தை நாக்டிலூக்கா பிடித்துக்கொண்டது. அது பாதி பயிர், பாதி வேட்டைக்காரன்: உடம்புக்குள் ஆயிரக்கணக்கான பச்சை நுண்பாசிகளைக் குடிவைத்து அவை சமைப்பதைச் சாப்பிடும், வெளியே கிடைக்கும் டயாட்டத்தையும் விழுங்கும். அளவில் பெரியதாக இருப்பதால், மீன்களுக்கு இரையாகும் சிறு ஓட்டுடலிகளால் அதைத் தின்ன முடியாது. ஜெல்லி மீன்களும் சால்ப் என்ற வழவழப்பான உயிரிகளும்தான் தின்னும். வலையில் அவை நிறைந்தால் மீனவர் என்ன செய்வார்?

இந்த மாற்றத்தின் காரணம் பற்றி விஞ்ஞானிகளிடையே சண்டை ஓயவில்லை. அமெரிக்காவில் கொலம்பியா பல்கலைக்கழக ஆய்வகத்தில் வேலை பார்க்கும் ஹெல்கா கோம்ஸ், ஜோக்கிம் கோயஸ் குழு, ஆக்சிஜன் குறைந்த நீர் மேலே வருவதே காரணம் என்று 2014இல் எழுதியது. ஹைதராபாத்தில் உள்ள இன்காய்ஸ் என்ற கடல் தகவல் நிறுவனத்தின் ஆய்வாளர்கள், ஆக்சிஜன் நிறைந்த நீரிலும் இது பெருகுகிறதே என்று அளவெடுத்துக் காட்டினார்கள். 2020இல் கோயஸ் குழு இமயத்தைக் கைகாட்டியது: மலையில் பனி குறைய, வாடை வலுவிழந்து ஈரமாகிறது, கலக்கல் குறைகிறது, உரம் வருவதில்லை, டயாட்டம் தோற்கிறது. இதே கோயஸ் 2005இல், யூரேசிய நிலம் சூடாவதால் கோடைக் காற்று வலுத்து அரபிக் கடல் அதிகம் விளைகிறது என்று சொன்னவர். அது ஏழு வருடப் பதிவை வைத்துச் சொன்னது. அறுபது வருடத்தைக் கணக்கில் எடுத்த புனே விஞ்ஞானி ராக்ஸி மேத்யூ கோல், மேற்கு இந்தியப் பெருங்கடலில் விளைச்சல் 20 சதவீதம் வரை விழுந்திருக்கலாம் என்று 2016இல் எழுதினார். எனக்கு ராக்ஸி பக்கம்தான் நியாயம் அதிகமாகப் படுகிறது. மேல்நீர் சூடானால் அடுக்கு இறுகும் என்பதில் யாருக்கும் சந்தேகமில்லை.

கரையோரத்தில் கதை மறுபடி மாறுகிறது. மாஹிமுக்கும் பாந்த்ராவுக்கும் நடுவே ரயில் மிட்டி நதியைத் தாண்டும்போது, நீர் வற்றிய நேரமாக இருந்தால், கறுப்புச் சேறும் பிளாஸ்டிக்கும் அந்த வாசனையும் சொல்லிவிடும்: தாராவியும் குர்லாவும் அனுப்பும் உரத்துக்குக் குறைவில்லை. ஆனால் பெரிய ஓதத்தன்று இங்கே நீர் நான்கு மீட்டருக்கு மேல் ஏறி இறங்கும். சேறு ஓயாமல் கலங்குவதால் வெளிச்சம் சில அடிகளுக்கு மேல் இறங்காது. வெளிக்கடலில் உரம் போதாது, கழிமுகத்தில் வெளிச்சம் போதாது. சேறு வெயிலில் காயும் இடத்தில் மட்டும் அந்த உரம் பாசியாகிறது. செம்பூரை ஒட்டிய மாஹுல், தாணே கழிமுகம் பக்கம் சிறு பூநாரைகள் ஆயிரமாயிரமாய் இறங்குவதற்கு இதுவும் ஒரு காரணம். தாணே கழிமுகம் 2015இல் சரணாலயமாகி, 2022இல் ஈரநிலங்களுக்கான ராம்சர் பட்டியலில் சேர்ந்தது.

சாக்கடை நைட்ரஜன் தரும், பாஸ்பரஸ் தரும், சிலிக்கா பெரிதாகத் தராது. அது பாறையைக் கரைத்து ஆறு கொண்டுவருவது. சிலிக்கா இல்லாமல் டயாட்டம் ஓடு கட்ட முடியாது. ஓடு தேவைப்படாத பாசிகளுக்கு அந்த நிலைமை வசதி. எனவே 2023 ஜனவரியில் அடிக்கல் நாட்டிய ஏழு சுத்திகரிப்பு நிலையங்களில், தாராவி நிலையம் உட்பட, எத்தனை கோடி லிட்டர் சுத்தமாகிறது என்று மட்டும் கேட்டால் போதாது. நைட்ரஜன் எவ்வளவு எடுக்கிறார்கள் என்று கேட்க வேண்டும்.

கண்காணிப்பு வானத்திலிருந்து நடக்கிறது. 1999இல் இந்தியா ஏவிய முதல் ஓஷன்சாட் செயற்கைக்கோள் தொடங்கி 2022 நவம்பரில் போன மூன்றாவது வரை, கடலின் நிறத்தைப் பார்த்துப் பச்சையத்தை அளந்துவந்திருக்கின்றன. அதையும் நீரின் வெப்பத்தையும் வைத்து, மீன் கிடைக்கும் இடத்தை இன்காய்ஸ் மீனவர்களுக்குச் சொல்கிறது. பனிக்காலத்தில் வானம் தெளிவு, படம் நன்றாக விழும். ஆனால் அந்தப் பச்சை டயாட்டமா நாக்டிலூக்காவா என்று நிறத்தை வைத்துப் பிரிப்பது இன்னும் சிரமமான வேலை. பருவமழையில் அந்தச் சிரமம்கூட இல்லை. மேகம் மூடிவிடும். ஆழத்து நீர் எழுந்து ஆக்சிஜன் தீரும் அந்த மாதங்களில் கப்பலில் போய் வாளியை இறக்கித்தான் பார்க்க வேண்டும்.