எட்டு விளக்குகளும் ஒரு பழைய கணினியும்

சென்ற ஆண்டு கோடை விடுமுறையில், பணி ஓய்வு பெற்ற இயற்பியல் ஆசிரியர் ஒருவர் பண்ருட்டியிலிருந்து அழைத்தார். "தம்பி, பரண்ல ஒரு பழைய கம்ப்யூட்டர் கெடக்கு. இரும்புக் கடைக்குப் போடறதுக்கு முன்னாடி நீங்க ஒரு தடவ பாத்துட்டா எனக்கு மனசு ஆறும்" என்றார். தான் முன்பு வேலை செய்த பள்ளியில் பழைய பொருட்களைக் கழித்து ஏலம் விட்டபோது, எடைக்கு எடுத்த பெட்டி அது. அண்ணாகிராமத்திலிருந்து வண்டியை எடுத்துக்கொண்டு போனேன். தூசியைத் துடைத்ததும் தெரிந்தது, அது ஒரு பிபிசி மைக்ரோ.

இந்தக் கணினிக்கும் இந்தியப் பள்ளிகளுக்கும் நெருங்கிய தொடர்பு உண்டு. 1984-இல் மத்திய அரசு 'கிளாஸ்' என்ற கணினிக் கல்வித் திட்டத்தைத் தொடங்கியது. முதல் கட்டமாகச் சுமார் 250 பள்ளிகளுக்குப் போனவை இந்த இயந்திரங்கள்தாம். இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜில் இருந்த ஏகார்ன் நிறுவனம் 1981-இல் வெளியிட்டது. பின்னர் மொகாலியில் இருந்த அரசு நிறுவனமான செமிகண்டக்டர் காம்ப்ளெக்ஸ், இதையே 'யூனிகார்ன்' என்ற பெயரில் நம் நாட்டில் தயாரித்தது. நினைவகம் 32 கிலோபைட். இன்று மாணவர் கையில் இருக்கும் கைப்பேசிப் படம் ஒன்றுகூட அதில் அடங்காது.

ஆனால் பெட்டியைத் தலைகீழாகக் கவிழ்த்துப் பார்த்தால் வேறு கதை. விசைப்பலகைக்கு அடியில் வரிசையாக இணைப்பு வாய்கள். ஒன்று பிரிண்டருக்கு, ஒன்று வட்டு இயக்கிக்கு, ஒன்று 'யூசர் போர்ட்'. 20 பின் கொண்ட இந்தக் கடைசி வாய், வாங்கியவர் தாமே எதையாவது செய்து மாட்டிக்கொள்ளட்டும் என்று விடப்பட்டது. அந்தக் காலத்துக் கணினிகள் பலவும் இப்படித்தான். 1977-இல் வந்த ஆப்பிள் 2 கணினியில் 8 விரிவாக்கப் பொருத்துவாய்கள்; 1981-இன் ஐபிஎம் பிசியில் 5. மின்சுற்றுப் படத்தையும் அந்த நிறுவனங்களே அச்சிட்டுத் தந்தன. நமது உயர் தொழில்நுட்ப ஆய்வகத்துக் கணினியில் ஒரு சிறு விளக்கை எரியவிட, இடையில் இன்னொரு கருவியும் அதற்கான மென்பொருளும் தேவை. இதில் இரண்டு வரி போதும்.

உற்சாகத்தில் உடனே மின்சாரம் கொடுத்துவிடக் கூடாது. இவ்வகைப் பழைய பவர் சப்ளைகளில், மின் இரைச்சலை வடிகட்ட 230 வோல்ட் பாதையிலேயே ஒரு சிறு மின்தேக்கி இருக்கும். அதன் ஓடு காலப்போக்கில் விரிசல் விட்டு ஈரம் புகுந்திருக்கும். மின்சாரம் கொடுத்த சில நிமிடங்களில் புகை கக்கும். நாங்கள் முதலில் அதைத்தான் மாற்றினோம். பவர் சப்ளையைத் திறப்பது மாணவர் வேலை அல்ல. பிளக்கைப் பிடுங்கிய பிறகும் உள்ளே 300 வோல்ட்டுக்கு மேல் தேங்கி நிற்கலாம். அடுத்து, சாக்கெட்டில் செருகியிருந்த சில்லுகளை ஒவ்வொன்றாக மெல்ல எடுத்து மறுபடி அழுத்தினேன். பழைய கணினிகளில் பாதிக் கோளாறு இதிலேயே தீர்ந்துவிடும் என்பது என் அனுபவம். பள்ளியின் பழைய தொலைக்காட்சியில் எழுத்து தெரிந்தபோது, ஐயாவுக்குப் படம் எடுத்து அனுப்பினேன்.

பள்ளி திறந்ததும் வானவில் மன்ற நாளில், யூசர் போர்ட்டில் மாட்ட ஓர் அட்டை செய்தோம். போர்ட்டில் எட்டுக் கம்பிகள். ஒவ்வொன்றும் 0 அல்லது 1. அந்தக் கம்பிகள் நேரடியாக எல்.இ.டி.யை எரிக்கும் அளவு மின்னோட்டம் தரமாட்டா. ஆகவே நடுவே யுஎல்என் 2803 என்ற சில்லு. சென்னை ரிச்சி தெருவில் எளிதாகக் கிடைக்கிறது. போர்ட்டின் 5 வோல்ட்டிலிருந்து எல்.இ.டி., அதற்குத் தொடராக 330 ஓம் மின்தடை, பிறகு சில்லின் வெளியீடு. எல்.இ.டி. 2 வோல்ட், சில்லு ஏறக்குறைய 1 வோல்ட் எடுத்துக்கொள்ள, மீதி 2 வோல்ட்; 330-ஆல் வகுத்தால் 6 மில்லி ஆம்பியர். பத்தாம் வகுப்பு ஓம் விதி கரும்பலகையிலிருந்து இறங்கி வந்த இடம் இது.

கட்டளை எளிது. ?65122=255 என்று தட்டினால் எட்டுக் கம்பிகளும் வெளியீடாக மாறும். பிறகு ?65120=1 என்றால் முதல் விளக்கு, 2 என்றால் இரண்டாவது, 3 என்றால் இரண்டும். இருமை எண்ணைக் குறிப்பேட்டில் வகுத்து வகுத்து எழுதிய பிள்ளைகள், 5 என்று தட்டியதும் முதலாவதும் மூன்றாவதும் எரிவதைப் பார்த்தார்கள்.

அப்படித்தான் எரிந்திருக்க வேண்டும். எரியவில்லை.

நான் அட்டையைச் சோதித்த விதத்தைச் சொல்ல வேண்டும். 255 கொடுத்தேன், எட்டும் எரிந்தன. 0 கொடுத்தேன்; எட்டும் அணைந்தன. "சரியா இருக்கு" என்று சொல்லிப் பிள்ளைகளிடம் விட்டுவிட்டேன். ஒன்பதாம் வகுப்பு மாணவி ஒருத்தி வந்து, "சார், 5 போட்டா ஒண்ணுதான் எரியுது" என்றாள். தப்பாகத் தட்டியிருப்பாய் என்றேன். இரண்டாம் முறையும் வந்தாள். இரண்டாம் முறையும் அதையே சொன்னேன். மூன்றாம் முறை வரும்போது கையில் ஒரு தாள். 1, 2, 4, 8, 16, 32, 64, 128 என்று ஒவ்வொரு கம்பியாகக் கொடுத்துப் பார்த்துக் குறித்திருந்தாள். 4-க்கு எதுவும் எரியவில்லை. 8-க்கும் எரியவில்லை. கீழே தனியாக ஒரு வரி: 12-க்கு இரண்டும் எரிகின்றன.

அந்தத் தாளிலேயே விடை இருந்தது. மூன்றாம் கம்பியும் நான்காம் கம்பியும் எங்கோ ஒட்டிக்கொண்டிருக்கின்றன. ஒன்று 1 என்றும் மற்றது 0 என்றும் இழுக்கும்போது, இந்தப் போர்ட்டில் 0 பக்கத்துக்கே வலு அதிகம். இரண்டும் 0 ஆகிவிடும். இரண்டும் 1 என்றால் சண்டையே இல்லை. கம்பிகள் தாமாகவே ஒரு 'அண்ட்' வாயிலாக மாறியிருந்தன. 255-க்கும் 0-க்கும் எல்லாக் கம்பிகளும் ஒரே பேச்சுப் பேசுவதால், என் சோதனையில் இந்தக் கோளாறு வெளிப்பட வழியே இல்லை. ரிப்பன் கேபிளைக் கழற்றி, சில்லை சாக்கெட்டிலிருந்து எடுத்து, அதன் 3, 4 பின்களுக்கிடையே மல்டிமீட்டரை வைத்தோம். 'பீப்' என்றது. முடி அளவு ஈயம். சால்டரிங் வைத்தது நான்தான். அவளிடம் அதைச் சொன்னேன். இப்போது எங்கள் மன்றத்தில் எந்த அட்டை செய்தாலும் அந்த எட்டு எண்களைக் கொடுத்துப் பார்க்காமல் 'சரி' என்று எழுதுவதில்லை.

பிபிசி மைக்ரோ உங்கள் பள்ளியில் இருக்க வாய்ப்பு குறைவு. ஆனால் இருப்புப் பதிவேட்டில் 'பழுது' என்று எழுதி மூலையில் வைத்த பழைய கணினியின் பின்புறம், 25 துளை கொண்ட பிரிண்டர் போர்ட் இருக்கிறதா என்று பாருங்கள். அதுவும் எட்டுக் கம்பிதான்: 2 முதல் 9 வரையுள்ள பின்கள். 18 முதல் 25 வரை தரை இணைப்பு. முகவரி பெரும்பாலும் 888. டாஸில் இயக்கி, கியூபேசிக்கில் 'அவுட் 888, 1' என்று கொடுத்தால் முதல் கம்பிக்கு 1 போகும். எக்ஸ்பி போன்ற விண்டோஸ்கள் இப்படி நேரடியாகத் தொட விடுவதில்லை, அதனால்தான் டாஸ். இந்தப் போர்ட்டில் 5 வோல்ட் மின்வழி கிடையாது என்பதால், பழைய கைப்பேசி சார்ஜரிலிருந்து தனியே கொடுத்து, இரண்டின் தரை இணைப்பையும் சேர்த்துவிட வேண்டும். யுஎல்என் 2803 இல்லாமல் எதையும் நேரடியாக மாட்டாதீர்கள். கழிவுப் பட்டியலில் சேர்க்கும் முன் தலைமையாசிரியரிடம் ஒரு மாதம் அவகாசம் கேட்டுப் பார்க்கலாம்.

எங்கள் அடுத்த அட்டை, அதே பெட்டியின் 'ஒரு மெகாஹெர்ட்ஸ் பஸ்' என்ற 34 பின் வாய்க்கு. செயலியின் முகவரிக் கம்பிகளும் தரவுக் கம்பிகளும் இங்கே வெளியே வருகின்றன. இந்த பஸ்ஸுக்கு ஒதுக்கிய இரண்டு முகவரிப் பக்கங்களுக்கு வடிவமைத்தவர்கள் வைத்த பெயர் ஃப்ரெட், ஜிம். கணினியின் உள் உறுப்புகளுக்கான பக்கம் ஷீலா. யூசர் போர்ட் இருப்பது அவள் வீட்டில். பிள்ளைகளுக்கு இந்தப் பெயர்கள் மறக்கவே மறக்காது. ஃப்ரெட்டின் முதல் முகவரியான 64512-ஐ ஒவ்வொரு முறை படிக்கும்போதும் ஒன்று கூட வேண்டிய கணக்கி செய்தோம். சில நேரம் ஒன்று கூடுகிறது, சில நேரம் இரண்டு.

இந்த முறை அட்டையில் தவறில்லை. செயலி ஓடுவது 2 மெகாஹெர்ட்ஸில், பஸ் நடப்பது 1 மெகாஹெர்ட்ஸில். பஸ்ஸின் கடிகாரம் ஏற்கெனவே உயர்ந்திருக்கும் நேரத்தில் செயலி முகவரியை நீட்டிவிட்டால், கணக்கி அதை ஒரு வருகையாக எண்ணிவிடுகிறது. கடிகாரம் இறங்கி மறுபடி ஏறும்போது உண்மையான வருகை. ஓடும் பேருந்தின் படியில் கால் வைத்தவரை ஒரு முறையும், நின்றபின் ஏறியவரை மறுமுறையும் நடத்துநர் எண்ணியது போல. கடிகாரம் தாழ்ந்திருக்கும்போது வந்த அழைப்பை மட்டும் உள்ளே விட்டு, உயர்ந்ததும் அதைப் பிடித்து வைக்கும் ஒரு லாட்ச் சில்லு நடுவில் வேண்டும். ஏகார்ன் நிறுவனமே இதற்கான சுற்றைப் பரிந்துரைத்திருக்கிறது. சில்லு வந்துவிட்டது. இம்முறை சால்டரிங் வைக்கப் போவது அந்த மாணவி. இப்போது அவள் பத்தாம் வகுப்பு.