வயதுவந்த மாணவரும் தந்தையின் பொறுப்பும்: வரிச்சட்டமும் ஃபித்ராவும்

ரமளானின் கடைசிப் பத்தில் குடும்பத் தலைவர் தம் வீட்டின் தலைகளை எண்ணத் தொடங்குகிறார். மனைவி, சிறு பிள்ளைகள், முதிய பெற்றோர் என எண்ணி வருகையில் ஒரு பெயரில் விரல் நிற்கிறது. சென்னையில் விடுதியில் தங்கிப் பொறியியல் பயிலும் இருபத்தொரு வயது மகன். அவனுக்கான கட்டணமும் உணவும் தந்தையின் கைப்பொருளே. ஆனால் அவன் பருவமடைந்து ஆண்டுகள் பல ஆகிவிட்டன. அவனுக்குரிய ஸதக்கத்துல் ஃபித்ர் யார் மீது கடமை?

இதே வினாவை இன்றைய அரசுகளின் வருமானவரிச் சட்டங்களும் வேறொரு நோக்கில் கேட்கின்றன. அமெரிக்கச் சட்டப்படி பத்தொன்பது வயது நிறையாத பிள்ளையைச் சார்ந்தவராகக் காட்டலாம். ஆண்டில் ஐந்து மாதங்களேனும் முழுநேர மாணவராக இருந்தால் அவ்வரம்பு இருபத்து நான்கு வரை நீளும். பிள்ளை ஆண்டின் பாதிக்கு மேல் பெற்றோருடன் வசித்திருக்க வேண்டும். எனினும் படிப்பின் பொருட்டு விடுதியில் தங்குவதைத் தற்காலிகப் பிரிவாகவே அச்சட்டம் கொள்கிறது. தன் வாழ்க்கைச் செலவில் பாதிக்கு மேல் பிள்ளை தானே ஏற்றிருக்கக் கூடாது என்பதும் நிபந்தனை. தமிழ் முஸ்லிம்கள் தலைமுறைகளாக வாழும் மலேசியாவில், டிப்ளமா அல்லது பட்டப் படிப்பில் இருக்கும் மணமாகாத பிள்ளைக்காகப் பெற்றோர் 8,000 ரிங்கிட் வரை வரிச்சலுகை கோரலாம். அந்நாட்டில் செலுத்திய ஸகாத் தொகையும் கட்ட வேண்டிய வருமானவரியிலிருந்து கழிக்கப்படுகிறது.

இரண்டுக்கும் உள்ள ஓர் அடிப்படை வேற்றுமையை நாம் மறந்துவிடலாகாது. வரிப்படிவத்தில் ஒரு தலை கூடினால் செலுத்தும் தொகை குறைகிறது. ஃபித்ராவில் ஒரு தலை கூடினால் செலுத்தும் அரிசி கூடுகிறது. ஆகவேதான் வரிப்படிவத்தில் சம்பாதிக்கும் மகனும் "சார்ந்தவன்" ஆகிவிடுகிறான். பெருநாள் இரவிலோ சார்ந்திருக்கும் மகனும் "பெரியவன், அவன் பார்த்துக்கொள்வான்" என்றாகிவிடுகிறான். முன்னது பொய்யான உறுதிமொழி. கையொப்பமிட்டுக் கூறும் சாட்சியம் அது என்பதை நம்மவருள் பலர் எண்ணிப்பார்ப்பதில்லை.

இனி ஃபிக்ஹின் நிலையைக் காண்போம். ஆண், பெண், சிறியவர், பெரியவர் அனைவர் மீதும் நபி (ஸல்) அவர்கள் ஃபித்ராவைக் கடமையாக்கினார்கள் என்பது இப்னு உமர் (ரலி) அறிவிக்கும் செய்தி. ஒருவர் பிறருக்காக எப்போது கொடுக்கக் கடமைப்பட்டவர் என்பதில்தான் மத்ஹபுகள் பிரிகின்றன. ஷாஃபிஈ மத்ஹபில் அளவுகோல் நஃபகா, அதாவது பராமரிப்புக் கடமை. யாருடைய நஃபகா உம்மீது கடமையோ அவருடைய ஃபித்ராவும் உம்மீது கடமை. பருவமடைந்த, உழைத்துப் பொருளீட்டும் ஆற்றலுள்ள மகனுக்குத் தந்தை நஃபகா வழங்குவது கடமையன்று என்பதே இமாம் நவவீ (ரஹ்) 'மின்ஹாஜ்' நூலில் தேர்ந்த கருத்து. ஆதலின் அம்மகனின் ஃபித்ராவும் தந்தையின் கடமையன்று. அவனது அனுமதியின்றித் தந்தை கொடுத்தால் அது அவனுடைய ஃபித்ராவாக நிறைவேறுவதுமில்லை.

ஹனஃபீ மத்ஹபில், தந்தை தமக்காகவும் சொந்தச் செல்வமில்லாத சிறு பிள்ளைகளுக்காகவும் மட்டுமே கொடுக்கக் கடமைப்பட்டவர். பருவமடைந்த பிள்ளை அவரது பராமரிப்பிலேயே இருந்தாலும் கடமையில்லை. ஆயினும் அவர் கேளாமலே கொடுத்துவிட்டால் அது செல்லும் என்பது 'ஹிதாயா' போன்ற நூல்களின் தீர்ப்பு. வழக்கமே அனுமதியாகிவிடுகிறது என்பது அதற்கான காரணம்.

கடற்கரையூர்களின் ஷாஃபிஈகளும் உள்நாட்டு ஹனஃபீகளும் மணவுறவு கொள்ளும் நம் நாட்டில் இவ்வேறுபாடு வெறும் ஏட்டுச் செய்தியன்று. ஷாஃபிஈ தந்தையர் மகனுக்கு ஒரு தொலைபேசி அழைப்பு விடுத்து "உன் ஃபித்ராவை நான் கொடுத்துவிடவா?" எனக் கேட்டுவிட்டால் போதும். அப்போதும், மகன் எவ்வூரில் இருக்கும்போது ரமளானின் இறுதிச் சூரியன் மறைகிறதோ அவ்வூர் ஏழைகளுக்கே அது உரியது என்பதையும் கவனிக்க வேண்டும். பெருநாள் இரவு பகலுக்குரிய உணவு போக எதுவும் மிஞ்சாத மாணவன் மீது ஷாஃபிஈ மத்ஹபில் கடமையே இல்லை. ஹனஃபீ மத்ஹபில் நிஸாப் அளவுக்குச் செல்வம் இல்லாதவன் மீது இல்லை.

அப்படியாயின் கல்வி என்பது ஒரு காரணமே ஆகாதா? ஆகும். உழைத்தால் கல்வி தடைபடும் என்னும் நிலையிலுள்ள மாணவருக்கு நஃபகா உண்டு என ஹனஃபீ நூலான 'துர்ருல் முக்தார்' கூறுகிறது. அதற்கு விரிவுரை எழுதிய இப்னு ஆபிதீன் (ரஹ், மறைவு 1836) இதனை நன்னடத்தையுள்ள மாணவருக்கே உரியதாக வரையறுக்கும் கருத்தையும் எடுத்துரைக்கிறார். பெயருக்குப் பதிவு செய்துவிட்டு ஊர் சுற்றுபவர் இதில் அடங்கார். மார்க்கக் கல்வியில் ஈடுபட்டு உழைக்க இயலாதவர் ஸகாத் பெறலாம் என்பது நவவீ (ரஹ்) அவர்களின் கூற்று. உபரி வணக்கங்களுக்காக உழைப்பைக் கைவிட்டவருக்கு அவ்வனுமதியை அவர் தரவில்லை.

இந்நூல்கள் பேசும் "இல்ம்" மார்க்கக் கல்வியே. பொறியியலும் மருத்துவமும் இதில் சேருமா என்பதில் எனக்குத் தயக்கம் உண்டு. ஆனால் மருத்துவத்தையும் கணிதத்தையும் சமுதாயக் கடமையான ஃபர்ளு கிஃபாயாவில் சேர்த்தவர் இமாம் கஸ்ஸாலீ (ரஹ்). அவ்வழியில், தந்தையின் விருப்பத்தாலேயே கல்லூரியில் சேர்ந்து, வேலைக்குச் செல்ல நேரமே இல்லாத மகனைச் சார்ந்தவனாகக் கொள்வது பொருத்தம் என்றே கருதுகிறேன். பாதியில் அவனைக் கைவிட்டுவிட்டு "பாலிக் ஆகிவிட்டான்" என்று கூறும் தந்தைக்கு ஃபிக்ஹு நூல்களில் ஒரு வரி கிடைக்கலாம். அவர் கொடுத்த வாக்குறுதியிலிருந்து அவ்வரி அவரை விடுவிக்காது.

கடமையில்லாத இடத்திலும் கொடுத்தவர்கள் நம் முன்னோர். இப்னு உமர் (ரலி) அவர்கள் சிறியவர், பெரியவர் அனைவருக்காகவும் ஃபித்ரா கொடுத்தார்கள். தம்மால் விடுதலை செய்யப்பட்ட நாஃபிஉ (ரஹ்) அவர்களின் பிள்ளைகளுக்காகவும் கொடுத்தார்கள் என்று நாஃபிஉ அவர்களே தெரிவிக்கிறார்கள்.

ஸகாத்தைப் பொறுத்தவரை ஒரு சொல். ஹனஃபீ மத்ஹபில் தந்தை தம் ஸகாத்தை மகனுக்குக் கொடுக்கவே இயலாது, அவன் எவ்வளவு ஏழை மாணவனாயினும் சரி. யஸீத் (ரலி) என்னும் ஸஹாபி தர்மத்திற்கென்று சில தீனார்களைப் பள்ளிவாசலில் ஒருவரிடம் ஒப்படைத்திருந்தார். அவருடைய மகன் மஅன் (ரலி) வந்து அவற்றைப் பெற்றுச் சென்றார். உன்னை நான் நினைக்கவில்லையே எனத் தந்தை வழக்காட, விவகாரம் நபி (ஸல்) அவர்களிடம் சென்றது. யஸீதுக்கு அவர் எண்ணியதன் கூலி உண்டு, மஅன் பெற்றது மஅனுக்கே என அவர்கள் தீர்ப்பளித்ததாக புகாரீயில் பதிவாகியுள்ளது. அது உபரி தர்மமாகவே இருந்தது என்பது அறிஞர் பெரும்பாலோரின் விளக்கம்.