அப்பிள் பை விற்க முன் நிறுத்துப் பாருங்கள்

வீட்டிலேயே அப்பிள் பை செய்து ஓடருக்கு விற்க நினைப்பவர் முதலில் வாங்க வேண்டியது ஒரு தராசு. ஒரு கிலோ அப்பிளின் தோலையும் விதைப்பகுதியையும் நீக்கினால் ஏறக்குறைய 750 கிராமே மிஞ்சும். கிலோ 1,200 ரூபா என வைத்துக்கொண்டால், பைக்குள் போகும் அப்பிள் உண்மையில் கிலோ 1,600 ரூபாவாகிறது.

ஒன்பது அங்குலப் பை ஒன்றுக்கு அந்த ஒரு கிலோ அப்பிளுடன் கோதுமை மா 300 கிராம், பட்டர் 150 கிராம், சீனி, கறுவாத்தூள், தேசிக்காய்ச் சாறு தேவை. புளிப்பான பச்சை அப்பிளே குழையாமல் நிற்கும். பட்டர் குளிராக இருக்க வேண்டும். பிசையும்போதே உருகினால் மேலோடு மொறுமொறுப்பாக வராது. எனவே பிசைந்த மாவை அரை மணி நேரம் குளிர்சாதனப் பெட்டியில் வையுங்கள். 200 பாகை செல்சியஸில் 20 நிமிடமும் 180 பாகையில் 35 நிமிடமும் சுட்டு, இரண்டு மணி நேரம் ஆறவிட்ட பின்னரே வெட்டலாம்.

மின்சாரம், பெட்டி, போக்குவரத்து ஆகியவற்றோடு செய்பவரின் கூலியையும் விலையில் சேருங்கள். வீட்டார் உழைப்பை இலவசமாகக் கணக்கிட்டால், ஓடர் பெருகி ஆள் வைக்கும் நாளில் இலாபம் காணாமல் போகும்.

கறுவா நம் நாட்டில் விளைகிறது, அப்பிளோ இறக்குமதி. டொலர் ஏறினால் அதன் விலையும் ஏறும். ஆகவே மாதக் கணக்கில் ஒரே விலைக்கு வாக்குக் கொடுக்காதீர்கள்.