வேப்பம்பருப்பும் பயிர்ப் பாதுகாப்பும்

தானியக் குதிர்களில் உலர்ந்த வேப்பிலையை இட்டுவைப்பது நம் குடியானவர்களின் தொன்றுதொட்ட வழக்கமாகும். காரணம் யாதெனக் கேட்டால், முன்னோர் செய்தார்கள் என்பதே பெரும்பாலும் விடை. 1959-ஆம் ஆண்டு சூடான் தேசத்தில் வெட்டுக்கிளிகள் பசுமை யாவற்றையும் தின்றழித்தபோது வேப்பமரங்கள் மட்டும் தப்பி நின்றதை ஸ்முட்டரர் என்னும் ஜெர்மானியப் பூச்சியியல் நிபுணர் கண்டார். 1968-ல் வேப்பங்கொட்டையினின்றும் அசாடிராக்டின் என்னும் சத்து பிரித்தெடுக்கப்பட்டது. இது பூச்சியை உடனே கொல்வதன்று. பயிரைத் தின்னவொட்டாமலும், புழு தோலுரித்து வளரவொட்டாமலும் தடுப்பதாகும். ஆதலின், மறுநாளே புழு மடியவில்லையென்று மருந்தைக் குறை கூறுதல் சரியன்று.

1994-ல், வேப்பெண்ணெயைக் கொண்டு பூஞ்சண நோயை அடக்கும் முறைக்கு ஐரோப்பாவில் பேடண்டு உரிமை வழங்கப்பட்டது. பெற்றவர்கள் ஓர் அமெரிக்கக் கம்பெனியாரும் அந்நாட்டு விவசாய இலாகாவினரும். ஆட்சேபத்தின் பேரில் 2000-ல் அது ரத்தாயிற்று. அப்பீலும் 2005-ல் தள்ளுபடியாயிற்று. அவ்வழக்கில் கைகொடுத்தது பரம்பரை வழக்கம் மட்டுமன்று. இந்திய வயல்களில் முன்னரே செய்துபார்த்த சோதனைகளைப் பற்றிய சாட்சியமுமாம். கிராம அதிகாரிகள், தங்கள் ஊர்க் கைமுறைகளைத் தேதியுடன் குறித்துவைப்பது நலம்.

தெளிக்க விரும்புவோர், 5 கிலோ வேப்பம்பருப்பை இடித்து, ஓரிரவு நீரில் ஊறவிட்டு, துணியில் வடித்து, 100 லிட்டராக்கி, சிறிது சோப்புக் கரைசல் சேர்க்கவேண்டும். வெயில் இச்சத்தைக் கெடுக்குமாதலால் மாலை வேளையே தகுந்தது. மழையில் நனைந்து பூசணம் பிடித்த கொட்டை உதவாது.